நான் மறைத்த மதிப்பெண்கள்

“ஒரு மார்க்கில் போய்விட்டது” என்று நான் ஊரில் சொல்லிவந்தது பொய். ஒரு வருடம் அரை மார்க்கு என்றேன், இன்னொரு வருடம் முக்கால் என்றேன். வங்கி எழுத்தர் தேர்வின் முதல்நிலையில், நான் துணிந்து பார்த்த மதிப்பெண் பட்டியல்களில், கட்-ஆஃபுக்கும் எனக்கும் நடுவே இருபது மதிப்பெண்ணுக்கு மேல் இடைவெளி இருந்தது. அவற்றில் ஒன்றில்கூட ஆங்கிலப் பகுதியில் நான் தேறியிருக்கவில்லை. மற்ற வருடங்களில் எவ்வளவு வாங்கினேன் என்பது எனக்கே தெரியாது. இந்தத் தேர்வை நடத்தும் ஐபிபிஎஸ் தளத்தில் முதலில் ‘தேறினீர்களா இல்லையா’ என்பது மட்டும்தான் வரும். மதிப்பெண் பட்டியலைச் சில நாள் கழித்து ஏற்றுவார்கள், குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு எடுத்துவிடுவார்கள். அந்தத் தேதி கடந்து போகட்டும் என்று காத்திருந்திருக்கிறேன். பட்டியல் மறைந்த பிறகு எந்த எண்ணை வேண்டுமானாலும் சொல்லலாம் அல்லவா? சொன்னேன்.

பொய் என்னோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அதை நம்பி இன்னொரு பெண் வருடங்களை இழந்தாள். அதனால்தான் எழுதுகிறேன்.

கொடைக்கானல் மலையில் இருக்கும் எங்கள் அட்டுவம்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் ஞாபகம் வரும். 1984-இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் நானும் படித்தேன். அந்த வாசலைத் தாண்டிவிட்டால் காரட்டும் பீன்ஸும் உருளைக்கிழங்கும் பூண்டும்தான். அப்பா பூண்டு போடுகிறவர். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் எங்கள் பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறைக்குப் பங்கு உண்டு என்று சொல்வதில் அவருக்குப் பெருமை. தன் தோட்டத்தையும் தன் மகள் படித்த இடத்தையும் ஒரே பேச்சில் சேர்த்துச் சொல்ல முடிகிறதே என்று.

பட்டம் வாங்கிய பெண்ணுக்கு இந்த மலையில் என்ன வேலை இருக்கிறது? காட்டேஜ்களில் அறைச்சாவி கொடுக்கலாம், ஏரிப் பக்கம் சாக்லேட் கடையில் பில் போடலாம். சீசன் முடிந்ததும் “அடுத்த மாசம் சொல்லி அனுப்புறோம்” என்பார்கள். பேங்க் வேலை அப்படியல்ல. சிபாரிசு வேண்டாம், பணம் கொடுக்க வேண்டாம். எழுத்தர் பணிக்கு நேர்காணல்கூடக் கிடையாது. கணினி முன்னால் உட்கார்ந்து எழுதித் தேற வேண்டும், அவ்வளவுதான். அப்படி ஒரு நேர்மையான வழி திறந்திருந்தும் நான் அதில் நேர்மையாக நடக்கவில்லை.

முதல்நிலைத் தேர்வு என்பது நூறு கேள்வி, அறுபது நிமிடம். ஆங்கிலம் 30, கணக்கு 35, ரீசனிங் 35. ஒவ்வொரு பகுதிக்கும் இருபது நிமிடம். இருபது முடிந்ததும் அந்தப் பகுதி தானாக மூடிக்கொள்ளும். மூன்று பகுதியிலும் தனித்தனியாகக் கட்-ஆஃபைத் தாண்ட வேண்டும். ஒன்றில் சறுக்கினால் மற்ற இரண்டில் எவ்வளவு வாங்கினாலும் பயனில்லை. கணக்குப் பகுதியில் ஒரு கேள்விக்குக் கிடைப்பது முப்பத்து நான்கு விநாடி. எனக்குக் கணக்கு வரும். நேரம் கொடுத்தால் எந்தக் கணக்கையும் போட்டுவிடுவேன். ஓடும் கடிகாரம் திரையின் மூலையில் இருந்தால் என் கை ஓடாது. இதை முதல் மாதிரித் தேர்விலேயே கண்டுகொண்டேன். அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியது, மறுநாள் இன்னொரு மாதிரித் தேர்வு எழுதுவது. நான் கடிகாரம் இல்லாத இடத்துக்கு ஓடினேன்.

அந்த இடம் பொது அறிவு. ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1-இல் தொடங்கியது, 1949-இல் தேசியமயமானது. 1969 ஜூலை 19-இல் பதினான்கு வங்கிகள், 1980-இல் இன்னும் ஆறு. 2020 ஏப்ரல் 1-இல் பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காகச் சேர்ந்தன. இந்தியன் வங்கி 1907, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937. இவற்றையெல்லாம் நோட்டு நோட்டாக எழுதினேன். தலைப்புக்குச் சிவப்பு, தேதிக்குப் பச்சை. எழுதி முடித்த இரவில் நிறைவாகத் தூங்குவேன். வீட்டார் பார்த்தார்கள், “எந்நேரமும் எழுதிக்கிட்டே இருக்கா” என்றார்கள். அதுவும் எனக்குத் தேவைப்பட்டது.

எழுத்தர் தேர்வில் பொது அறிவு முதல்நிலையில் வரவே வராது. அது முதன்மைத் தேர்வுக்கு உரியது. முதன்மைத் தேர்வுக்குள் நான் காலடி வைத்ததே இல்லை. தாண்டாத வாசலுக்கு அப்பால் இருக்கும் அறையை வருடக்கணக்கில் பெருக்கிக்கொண்டிருந்தேன். தெரியாமல் அல்ல. பாடத்திட்டம் எனக்கு மனப்பாடம். அந்தப் பகுதியில் மட்டும்தான் நான் தோற்கவில்லை, ஏனென்றால் அதில் யாரும் என்னைச் சோதிக்கவில்லை. படிப்பது என்ற பெயரில் சோதனையிலிருந்து ஒளிந்துகொண்டேன். என் குற்றத்தின் வேர் இது. மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

மலையில் இருந்து எழுதுகிறவர்களுக்குக் கஷ்டங்கள் உண்மையிலேயே உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. மழை பிடித்தால் கரண்டு போகும், சிக்னலும் போகும். மதுரையில் காலை முதல் ஷிஃப்ட் விழுந்தால் முந்தின நாளே மூஞ்சிக்கல்லில் பஸ் ஏறி, பெருமாள்மலை வழியாக வத்தலக்குண்டு இறங்கி, யார் வீட்டிலாவது தங்கியாக வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு புரட்டும். துணைக்கு ஒருவர் வர வேண்டும் என்றால் அவருடைய கூலியும் அன்றைக்குப் போயிற்று. விண்ணப்பக் கட்டணம் 850 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 175. ஆதாரில் இனிஷியலை ஒரு மாதிரியும் சான்றிதழில் தகப்பன் பெயரை விரித்து இன்னொரு மாதிரியும் போட்டிருந்தால் தேர்வுக்கூட வாசலில் நெஞ்சு படபடக்கும். இன்னொன்றும் உண்டு. தமிழக அரசின் சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். வங்கித் தேர்வுக்கு வேண்டியது மத்திய அரசின் படிவத்தில், ‘கிரீமி லேயர்’ அல்லாதவர் என்ற குறிப்போடு, அறிவிப்பில் சொன்ன காலத்துக்குள் வாங்கிய ஓபிசி சான்றிதழ். அதை விண்ணப்பிக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இவை ஒவ்வொன்றையும் என் வயதுப் பெண்கள் தாண்டினார்கள். நான் இவற்றைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டேன். 2018 நவம்பரில் கஜா புயல் மலையைப் புரட்டிப் போட்டது. மரங்கள் சாய்ந்து, கம்பங்கள் விழுந்து, நாள் கணக்கில் கரண்டு இல்லை. டிசம்பரில் முதல்நிலைத் தேர்வு. “கஜாவால போச்சு” என்று அந்த வருடம் சொன்னேன், எல்லாரும் தலையசைத்தார்கள். கூரை பறந்தவர்களும் பயிர் இழந்தவர்களும் இருந்த ஊரில், ஒரு மாதிரித் தேர்வும் எழுதாமல் பரீட்சைக்குப் போன நான் அந்தப் புயலைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

ஆங்கிலம்தான் தடை என்றும் சொல்லிவந்தேன். அதில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதிக்கு வழியும் இருந்தது. கிராம வங்கிகளின் அலுவலக உதவியாளர் தேர்வில் முதல்நிலையில் ஆங்கிலமே கிடையாது. ரீசனிங் 40, கணக்கு 40, நாற்பத்தைந்து நிமிடம். 2019-இல் அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்று அறிவித்தார்கள். அதே வருடம் ஏப்ரலில் பாண்டியன் கிராம வங்கியும் பல்லவன் கிராம வங்கியும் சேர்ந்து, சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தமிழ்நாடு கிராம வங்கி ஆயின. இந்த விவரம் முழுக்க என் நோட்டில் பச்சை மையில் இருக்கிறது. அந்தத் தேர்வுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. பெரிய வங்கி என்று சொல்லிப் பழகிய வாய்க்குக் கிராம வங்கி என்று சொல்ல வரவில்லை. அது வெறும் கர்வம். பூண்டு மூட்டை தூக்குகிற மனிதரின் மகளுக்கு அந்தக் கர்வம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மதுரையில் ஒரு கோச்சிங் சென்டரில் சேர்கிறேன் என்றேன். அவர் கணக்குப் பார்த்தார். அடுத்த போகத்துக்கு விதைக்கு எடுத்து வைத்திருந்த பூண்டை விற்றார். விதைப்பூண்டை விற்கிறவன் அடுத்த வருடம் வெளியில் விலை கொடுத்து வாங்க வேண்டும். அந்த விலை எப்படி இருக்கும் என்பது இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். தெரிந்தேதான் விற்றார். கோச்சிங் சென்டரில் வாரக் கடைசியில் மாதிரித் தேர்வு வைத்து, மதிப்பெண்ணைப் பெயரோடு சுவரில் ஒட்டுவார்கள். அந்த நாட்களில் எனக்குத் தலைவலி வந்தது, காய்ச்சல் வந்தது, ஊருக்குப் போகவேண்டிய அவசரம் வந்தது. வகுப்புக்கு ஒருநாள் தவறமாட்டேன், தேர்வுக்கு இருக்கமாட்டேன். விதைப்பூண்டின் காசில் நான் செய்தது இதுதான்.

வயது வரம்பு எழுத்தருக்கு 28, ஓபிசிக்கு மூன்று வருடம் தளர்வு. அதுவும் முடிந்தது. இப்போது வில்பட்டிப் பக்கம் ஒரு இ-சேவை மையத்தில் வேலை. சான்றிதழ் எடுக்கவும் தேர்வுக்கு விண்ணப்பிக்கவும் வருகிற பெண்கள் “அக்கா, நீங்க எப்படிப் படிச்சீங்க?” என்று கேட்பார்கள். ஒரு மார்க்கில் தவறவிட்டவள் என்றுதானே ஊர் என்னைச் சொல்கிறது! தேறாவிட்டாலும் தேறினவளுக்குச் சமம் என்கிற மரியாதை அது. அந்த மரியாதைக்காகச் சொல்லிக்கொடுத்தேன். நோட்டுப் போடு, தேதிகளை மனப்பாடம் செய், அடித்தளம் உறுதியாகட்டும், மாதிரித் தேர்வெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். வாயைத் திறந்து எனக்குத் தெரிந்த உண்மைக்கு நேர் எதிரானதைச் சொன்னேன். ஏன் என்று பல இரவு யோசித்திருக்கிறேன். மாதிரித் தேர்வு எழுது என்று சொன்னால், “நீங்க எவ்வளவு வாங்குனீங்க அக்கா?” என்ற கேள்வி வந்திருக்கும்.

பள்ளங்கிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் நான் சொன்னதை வரிக்கு வரி பின்பற்றினாள். என் நோட்டுகளை வாங்கிப்போய்ப் பிரதி எடுத்தாள், அதே சிவப்பு, அதே பச்சை. எழுதினாள், தேறவில்லை. அடுத்த வருடமும் இல்லை. அவள் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். என்னிடம் இல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. மதிப்பெண் பட்டியல் ஏற்றிய அன்றே என் மையத்துக்கு வந்து, என் கணினியிலேயே திறந்தாள், அச்செடுத்தாள். கணக்கில் அவள் தொட்ட கேள்விகளே குறைவு. தாளை என் பக்கம் திருப்பி, “அக்கா, உங்களுக்கு எதுல கொறைஞ்சுச்சு? உங்க ஷீட்டையும் காட்டுங்களேன், ஒப்பிட்டுப் பாக்குறேன்” என்றாள். அவள் குரலில் சந்தேகம் துளியும் இல்லை. நம்பிக் கேட்டாள்.

என் மின்னஞ்சலில் பழைய பட்டியல் ஒன்று சேமித்துக் கிடந்தது. ஆங்கிலம் ஆறே கால். அதைத் திறந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். “அப்ப ஒரு மார்க்குன்னு சொன்னது?” என்றாள். “பொய் சொன்னேன்” என்றேன். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஒங்க நோட்டை எழுதியிருக்க மாட்டேன்க்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். சில வாரம் வரவில்லை.

அவள் தனியாகக் கண்டுபிடித்து நடந்த வழியைத்தான் இன்றைக்கு நான் மற்றவர்களுக்குச் சொல்கிறேன். என் சரக்கு அதில் எதுவுமில்லை. முதலில் அவள் மாதிரித் தேர்வை எழுதினாள், ஒன்றும் படிக்காத நிலையிலேயே. வந்த மதிப்பெண் அவமானமாக இருந்ததாம். எழுதுகிற நேரத்தைவிட அதைப் பிரித்துப் பார்க்கிற நேரம் அதிகம் இருக்கும்படி பார்த்துக்கொண்டாள். தப்பான கேள்விகளை மூன்றாகப் பிரித்தாள்: பாடமே தெரியாதது, தெரிந்தும் நேரம் இழுத்தது, தொட்டிருக்கவே கூடாதது. முதல் வகைக்குத்தான் புத்தகம். இரண்டாவதற்குப் பயிற்சி, சிம்ப்ளிஃபிகேஷன், நம்பர் சீரிஸ் இரண்டையும் தினம் காலையில் கடிகாரம் வைத்து, கை தானாக ஓடும்வரை. மூன்றாவது வகைதான் பெரும்பாலோரை வீழ்த்துவது. ஒரு தப்புக்குக் கால் மதிப்பெண் போகும். எண்பது கேள்வியைத் தொட்டு 44 சரி, 36 தப்பு என்றால் கையில் நிற்பது 35. ஐம்பத்திரண்டைத் தொட்டு 46 சரி, 6 தப்பு என்றால் நாற்பத்து நாலரை. இந்தக் கணக்கைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை போடும். தேர்வறையில் விட்டுவிடுகிற துணிவு வேண்டும், அது மாதிரித் தேர்வில் மட்டும்தான் பழகும்.

ஆங்கிலத்துக்கு அகராதியை ஓரங்கட்டிவிட்டாள். தினம் ஒரு செய்தியை வாய்விட்டு, நிறுத்தாமல் வாசிப்பது, தெரியாத சொல்லைத் தாண்டிப் போவது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அர்த்தம் தெரியாததைவிட, ஒவ்வொரு சொல்லிலும் நின்றுவிடுவதுதான் நேரத்தைத் தின்கிறது என்கிறாள். சிக்னலுக்கு அவள் பார்த்த வழியும் எளிது. சிக்னல் இருக்கும்போது கேள்விகளை இறக்கி, அச்செடுத்து, கரண்டு இல்லாத இரவில் பழைய கைக்கடிகாரத்தை வைத்து எழுதினாள். கஜா நாட்களில் எனக்கும் கைக்கடிகாரம் இருந்தது. கிராம வங்கித் தேர்வுக்கு விண்ணப்பித்தாள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு உண்டு என்பதையும், 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் வங்கித் தேர்வுக்குத் தங்கிப் படிக்கும் பயிற்சி உண்டு என்பதையும் விசாரித்து வந்து மற்றப் பெண்களுக்குச் சொன்னவளும் அவள்தான். அந்த அறிவிப்புகள் என் மையத்துக் கணினியில் எனக்கு முன்னமே தெரிந்தவை. நான் யாருக்கும் எடுத்துச் சொல்லவில்லை. எனக்குக் கிடைக்காதது இவர்களுக்குக் கிடைத்துவிடுமோ என்ற எண்ணம் உள்ளே இருந்தது. இதைத்தான் கடைசிவரை எழுதாமல் தள்ளிப்போடப் பார்த்தேன். இது பயத்தால் செய்ததல்ல, பொறாமை.

அப்பாவிடம் போன மாதம் சொன்னேன். தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தார். மாதிரித் தேர்வு நாட்களில் என்ன செய்தேன் என்பது வரை சொன்னேன். “விதைப்பூண்டு காசுன்னு ஒனக்குத் தெரியுமா அப்ப?” என்று கேட்டார். தெரியும் என்றேன். அவர் மறுபடி குனிந்துகொண்டார். அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாள் சாதாரணமாகப் பேசினார். ஆனால் பேங்க் பரீட்சையைப் பற்றி யாரிடமும் இப்போது அவர் பேசுவதில்லை. அந்தப் பெருமையை அவரிடமிருந்து நான் எடுத்துவிட்டேன், திருப்பித் தர என்னிடம் எதுவும் இல்லை.

அந்தப் பெண் முதல்நிலையைத் தாண்டினாள். முதன்மைத் தேர்வில் வரவில்லை. மறுபடி எழுதுகிறாள், வீட்டில் ஒரு வருடம் தவணை வாங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மையத்தை மூடியபின் நாலைந்து பெண்கள் உள்ளே உட்கார்ந்து மாதிரித் தேர்வு எழுதுகிறார்கள். நானும் எழுதுகிறேன். எனக்கு இனி எந்த வங்கியும் இல்லை. ஆனாலும் முதலில் என் மதிப்பெண்ணைத்தான் வெள்ளைப் பலகையில் எழுத வேண்டும் என்று நானே கேட்டு வைத்துக்கொண்ட ஏற்பாடு. இந்த ஞாயிறு 46 சரி, 22 தப்பு, நாற்பதரை. எழுதி முடித்ததும் பள்ளங்கிப் பெண் என் தாளை இழுத்துப் பார்த்தாள்.

“அக்கா, இந்த எட்டுப் பேர் வட்டமா உக்கார்ற கேள்வியில ஆறு நிமிஷம் போயிருக்கு. அஞ்சுல நாலு தப்பு. பின்னாடி அஞ்சு இன்ஈக்வாலிட்டி தொடாமலே கெடக்கு பாருங்க.”

“அது எனக்கு வரும்” என்றேன்.

“வரும்னா அதைத்தானே மொதல்ல போடணும்? போடுங்க, நான் நேரம் பாக்குறேன்” என்று கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

ஐந்தையும் போட்டேன். ஒன்று தப்பு.